பார்க் அவென்யூவில் ஒரு திண்ணை: சீகிராம் கட்டடம்

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். மகள் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் நியூயார்க்கில் தனியாகச் சுற்றியபோது பார்த்தது. முப்பது வருஷம் இரும்பு பேப்ரிகேஷன் பட்டறை வைத்திருந்தவன் நான். எந்தக் கட்டடம் என்றாலும் கண் முதலில் பீம் மேல்தான் போகும்.

இங்கே 38 மாடிக்கும் ஜன்னலுக்கு ஜன்னல் வெண்கல ஐ-பீம் (ஆங்கில I எழுத்து வடிவ உத்தரம்) ஓடுகிறது. அதில் ஒன்றுகூடக் கட்டடத்தைத் தாங்கவில்லை! தீயில் எஃகு தளர்ந்துவிடும் என்பதால் அதை மூடியே ஆக வேண்டும் என்பது நகரச் சட்டம். அசல் சட்டகம் கான்கிரீட்டுக்குள் போய்விட்டது. உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்று நினைத்த கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, மறைந்துபோன எலும்பை வெண்கலத்தில் வெளியே வரைந்து வைத்துவிட்டார். சும்மா நிற்கிற பீமுக்கு இவ்வளவு செலவா என்று எனக்கு எரிச்சல். அப்புறம் சாயங்கால வெயில் முகப்பில் விழுந்தது. ஒவ்வொரு பீமும் கண்ணாடி மேல் நிழல் போட்டது. சரி, இது இல்லாவிட்டால் மொட்டைக் கண்ணாடிதான். பச்சை பிடிக்காமல் இருக்க வெண்கலத்துக்கு எண்ணெய் தடவித் துடைப்பார்களாம்.

ஜன்னல் திரைகள் மூன்றே நிலையில் நிற்கும்: முழுக்க மேலே, பாதி, முழுக்கக் கீழே. தெருவிலிருந்து கோணல்மாணலாகத் தெரியக் கூடாதாம். உள்ளே வேலை பார்ப்பவருக்கு முகத்தில் வெயிலடித்தால் நாற்காலியை நகர்த்திக்கொள்ள வேண்டியதுதான். ஒரு நட்சத்திரம் குறைந்தது இதற்காக.

ஆனால் அந்த முற்றம்! பொன் விலை விற்கிற இடத்தில் சாலையிலிருந்து ஏறத்தாழ 90 அடி உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். 1958இல் கட்டி முடித்த இதைப் பார்த்துத்தான், இப்படி இடம் விடுபவர்கள் கூடுதல் மாடி எழுப்பிக்கொள்ளலாம் என்று 1961இல் நகரம் விதியே போட்டது. பெஞ்சு இல்லை, படியிலும் ஓரக் கல்லிலும் ஜனங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நம்மூர்த் திண்ணை மாதிரி. இதைக் கட்டிய சீகிராம் மது கம்பெனி முதலாளி முதலில் வேறு வரைபடம் வைத்திருந்தார். அது வேண்டவே வேண்டாம் என்று கடிதம் எழுதி, மீஸைக் கொண்டுவந்தவர் அவர் மகள் ஃபிலிஸ் லாம்பர்ட். அப்பாக்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய நேரமும் உண்டு.

கிளம்பும்முன் பக்கத் தெருவில் நின்று பின்பகுதியை அண்ணாந்து பாருங்கள். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் பளிங்கு பதித்திருக்கும். காற்றைத் தாங்குகிற கான்கிரீட் சுவர் அதற்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒருவரும் படம் எடுக்கவில்லை. நான் அங்கேதான் ரொம்ப நேரம் நின்றேன்.