மூன்றாவது இழுப்பறை: கார் ஷெட் பட்டறையில் ஏறக்குறைய ஐந்து வருடம்

போன வாரம் திருச்சியிலிருந்து மச்சான் போன் செய்தான். புது வீட்டுக் கார் ஷெட்டில் சின்னதாக ஒரு பட்டறை போடப் போகிறானாம். "மாமா, உங்க ஷெட்ல இருக்கிற மாதிரியே அஞ்சு டிரா வெச்ச பெட்டி ஒண்ணு செய்யணும். அளவு மட்டும் எடுத்து அனுப்புங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான். அளவுதானே என்று டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே பார்த்த ஒன்றால் மூன்று நாளாக எனக்கு என் மேலேயே கோபம். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இது.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். கார் ஷெட் உண்டு, கார் கிடையாது. ஸ்கூட்டர் ஒரு ஓரத்தில் நின்றுகொள்ளும், மீதி இடம் என்னுடையது. பட்டறை போடுவதற்கு முன்னால் என் சாமான்கள் எல்லாம் இரண்டு பெயிண்ட் வாளியிலும் ஒரு அரிசிப் பையிலும் இருந்தன. 10-11 ஸ்பானர் வேண்டுமென்றால் வாளியைத் தரையில் கவிழ்க்க வேண்டும். வேலை பத்து நிமிடம், தேடல் அரை மணி நேரம். 2021 பொங்கல் விடுமுறையில் இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று இறங்கினேன். பட்ஜெட் 7,000 ரூபாய். வீட்டில் அறிவித்த தொகை 5,000.

மூடப்போகும் ஒரு ஸ்டேஷனரி கடையில் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் (வரிசையாக ஓட்டை போட்ட இரும்புச் சட்டத்தில் தட்டுகளை போல்ட் போட்டு மாட்டுவது) ஒன்று, ஆறடி உயரம், ஐந்து தட்டு, 1,100 ரூபாய்க்குக் கிடைத்தது. இழுப்பறைப் பெட்டிக்கு 18 மி.மீ. கமர்ஷியல் பிளைவுட் ஒரு ஷீட் 2,200, அடித்தட்டுக்கும் முதுகுக்கும் 6 மி.மீ. ஷீட் ஒன்று 900, இழுப்பறை இரண்டு பக்கமும் குண்டுகள் மேல் ஓட மாட்டும் பதினெட்டு அங்குல டெலஸ்கோபிக் சேனல் ஐந்து ஜோடி 1,200. ஃபெவிகால், ஸ்க்ரூ, உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 650. பிளைவுட் கடையிலேயே மிஷினில் அறுத்துக் கொடுக்க 300, மீன்பாடி வண்டிக்கு 350. மொத்தம் 6,700. அன்றைக்கு இருந்த பெருமை இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்புறம் எனக்குச் சொல்லத் தோன்றாது.

அந்த பழைய ரேக்கைப் பற்றி ஒரு குறையும் இல்லை. ஐந்து வருடமாக டிரில், கிரைண்டர், பெயிண்ட் டின்கள், அறுத்து மிஞ்சிய கட்டைகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நிற்கிறது. தட்டை ஏற்றி இறக்க நாலு மூலையிலும் போல்ட்டைக் கழற்றினால் போதும். காலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான்.

சுவரில் அடித்த பலகை அதைவிடப் பெரிய ஆச்சரியம். உடைந்த கட்டிலின் பலகை, செலவு பூஜ்யம். செங்கல் சுவரில் நாலு இடத்தில் ஓட்டை போட்டு, ஸ்க்ரூ பிடிக்க ராவல் பிளக் என்ற பிளாஸ்டிக் குழல் வைத்து முடுக்கினேன். ஆணிகளை அடித்து, ஒவ்வொரு சாமானையும் மாட்டி, மார்க்கர் பேனாவால் அதன் உருவத்தைச் சுற்றி வரைந்தேன். சுத்தியல் வடிவத்தில் ஒரு கோடு, கட்டிங் பிளேயர் வடிவத்தில் ஒரு கோடு, மூலைமட்டம், ரசமட்டம், இரண்டு ரம்பம். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அந்த வெற்றுக் கோட்டுக்கு ஒரு சக்தி இருக்கிறது. இதற்கு முன்னால் என் சுத்தியல் தேங்காய் உடைக்கச் சமையலறைக்குப் போனால் மாசக்கணக்கில் திரும்பாது. இப்போது சுவரில் சுத்தியல் இல்லாத சுத்தியலைப் பார்த்துவிட்டு, எடுத்தவர்களே கொண்டுவந்து மாட்டிவிடுகிறார்கள். மாமியார் உட்பட.

சரி, இழுப்பறைக்கு வருவோம்.

ஐந்து இழுப்பறையில் நாலைப் பற்றி நான் பேசவே வேண்டியதில்லை. முதலாவதில் ஸ்க்ரூடிரைவர், இரண்டாவதில் டிரில் பிட்டும் அரமும், நாலாவதில் ஸ்க்ரூ, ஆணி, வாஷர் டப்பாக்கள், ஐந்தாவதில் ஒயரும் சுவிட்ச் சாமான்களும். மூன்றாவது ஸ்பானர்களுக்கு. நான் அதிகம் திறப்பது அதைத்தான். 6-7இலிருந்து 20-22 வரை வரிசையாக, கீழ் வரிசையில் ரிங் ஸ்பானர்கள், வலது ஓரத்தில் ஆலன் கீ. இழுத்ததும் எல்லாமே ஒரே பார்வையில் தெரியும். ஒரு தரம் மளிகைக் கடைத் தராசில் நிறுத்தே பார்த்தேன், உள்ளே இருந்தது 14 கிலோ. சேனல் பெட்டியில் ஜோடிக்கு 35 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. ஆக, பாரம் ஒரு பிரச்சினையே இல்லை.

முதல் மழைக்காலம், 2021 நவம்பர். மூன்றாவது இழுப்பறை பாதி வந்து நின்றது. இழுத்தால் ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்ததில் ஸ்பானர்கள் மொத்தமும் ஜலஜலவென்று முன்னால் சரிந்து வந்தன. கழற்றிப் பார்த்தேன். சேனலுக்குள் கிரீஸும் மரத்தூளும் சேர்ந்து கறுப்புச் சாந்தாக அடைத்திருந்தது, குண்டுகளில் துருப்பொடி. இதுதான் காரணம் என்று முடிவு செய்தேன். கடைக்குப் போய் "மட்டமான சரக்கைக் கொடுத்துட்டீங்க" என்று கத்திவிட்டு, 260 ரூபாய்க்கு வேறு ஜோடி வாங்கி வந்தேன். மாட்டினேன். ஒரு வாரம் சுமாராக ஓடியது, மறுபடி இறுகியது, பொங்கல் வந்ததும் தானாகவே சரியாகிவிட்டது. புது சேனல் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

2022 நவம்பரில் அதே கதை. இந்த முறை கடையை மாற்றினேன், 280 ரூபாய். கிரீஸ்தான் தூளைப் பிடிக்கிறது என்று யாரோ சொன்னதால் அதைத் துடைத்து எடுத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். அதே ஒரு வாரம், அதே இறுக்கம், அதே பொங்கல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் எல்லோருக்கும் நடந்ததுதான் எனக்கும் நடந்தது. ஷெட்டுக்குள் ஒரு அடித் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. நாலாவதும் ஐந்தாவதும் முழுகின. வடிந்த பிறகு பார்த்தால் பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்து, நனைந்த புத்தகம் மாதிரி விரிந்திருந்தது. இதில் பிளைவுட்டைக் குறை சொல்ல மாட்டேன். கமர்ஷியல் என்று விற்பது ஈரப்பதத்தைத் தாங்கும் ரகம், இந்தியத் தர எண் ஐ.எஸ். 303. அதன் பசை யூரியா ஃபார்மால்டிஹைடு. காற்றில் இருக்கும் ஈரத்தைச் சமாளிக்கும், தண்ணீரில் ஊறப் போட்டால் விட்டுவிடும். மரைன் என்று கடையில் சொல்லும் ஐ.எஸ். 710 ரகத்தில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை, அது வெந்நீருக்கும் தாங்கும். விலையும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மடிப்பாக்கத்தில் தரைமட்டத்தில் பெட்டி வைப்பவன் யோசித்திருக்க வேண்டிய விஷயம். கீழ் இரண்டையும் மரைனில் புதிதாகச் செய்தேன், 1,900 ரூபாய். பெட்டியின் அடிப்பாகத்துக்கும் ஒட்டுப் போட்டு, இப்போது அது ஹாலோ பிளாக் மேல் உட்கார்ந்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது, மூன்றாவது இழுப்பறையைத் தண்ணீர் தொடவே இல்லை. ஊறி வீங்கி மாற்றிய இரண்டும் இன்றைக்கு வெண்ணெய் மாதிரி ஓடுகின்றன. இது மட்டும் 2024 நவம்பரில் மறுபடியும் வேலையைக் காட்டியது. மூன்றாவது முறை சேனல், 340 ரூபாய். "மூணாவது டிராவுல ஏதோ இருக்கு, ஒரு எலுமிச்சம்பழம் வெச்சுப் பாருங்க" என்றாள் மனைவி. அப்போது கோபம் வந்தது.

இடையில் ஒரு சின்ன எச்சரிக்கை. இழுப்பறைக்குள் நியூஸ் பேப்பர் விரிக்காதீர்கள். நான் விரித்தேன். கடல் காற்றின் ஈரத்தைப் பேப்பர் குடித்து வைத்துக்கொள்ள, அதன் மேல் கிடந்த ஸ்பானர்களின் அடிப்பக்கம் மட்டும் துரு. ஒரு 14-15இல் ஏதோ விளம்பரத்தின் எழுத்து தலைகீழாகப் பதிந்திருந்தது. இப்போது பிள்ளையின் பழைய யோகா பாயை வெட்டிப் போட்டிருக்கிறேன். அது தண்ணீரைக் குடிக்காத ரகம். மாசம் ஒரு தரம் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

இனி போன வாரம். மச்சானுக்கு அளவு அனுப்ப வேண்டும், சரியான அளவு வேண்டும் என்று மூன்றாவதை முழுக்கக் கழற்றி வெளியே எடுத்தேன். டெலஸ்கோபிக் சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் இடைவெளி வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு அங்குலம். பெட்டியின் உள் அகலத்தைவிட இழுப்பறை சரியாக அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும். நாலு இழுப்பறையில் அப்படித்தான் இருந்தது. மூன்றாவதில் மட்டும் 3 மி.மீ. குறைவு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிளைவுட் கடையில் அறுக்கக் கொடுத்தபோது பேப்பரில் போட்ட கணக்கில் பிளேடை நான் சேர்க்கவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடு ஏறக்குறைய 3 மி.மீ. மரத்தைத் தின்னும். எல்லாம் போய்க் கடைசியில் மிஞ்சியதுதான் மூன்றாவதன் முன்பலகையும் பின்பலகையும்.

அந்தக் குறையை நான் எப்படி நிரப்பினேன்? கையில் கிடைத்ததை வைத்து. சேனலுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே பக்கத்துக்கு நாலு அடுக்குக் கல்யாணப் பத்திரிகை.

2020 ஏப்ரலில் நடக்க வேண்டிய கல்யாணம், தூரத்துச் சொந்தம். ஊரடங்கில் தள்ளிப்போய், பிறகு எங்களுக்குத் தெரியாமலே முடிந்தது. பத்திரிகை மட்டும் கனத்த அட்டையில், தங்கநிற எழுத்தில், எறிய மனசு வராமல் கிடந்தது. அதைத்தான் பட்டைபட்டையாக வெட்டி வைத்தேன். வைத்த அன்று கனகச்சிதம். அதன் பிறகு மூன்று முறை சேனலை மாற்றியபோதும் அதே அட்டையின் மேலேயே, அதே ஓட்டையில் புது சேனலை வைத்து முடுக்கியிருக்கிறேன். ஒரு தரம்கூட அதைச் சந்தேகப்படவில்லை.

இப்போது சேனலைக் கழற்றியதும் அட்டை கையோடு வந்தது. கீழ் விளிம்பு பூஞ்சை பிடித்துக் கறுத்து, அடுக்குகள் விட்டு, வைத்ததைப் போல இரண்டு மடங்கு தடிமன். நடுவில் 'சுற்றமும் நட்பும்' என்ற வரி மட்டும் இன்னும் பளபளவென்று இருந்தது. ஐப்பசியில் ஊறி உப்பும், சேனலை உள்ளே தள்ளி நெருக்கும். தையில் காய்ந்து சுருங்கும், இழுப்பறை சரியாகும். நான் புது சேனலுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பேன். மூன்று ஜோடி சேனலுக்குப் போன 880 ரூபாய்க்கு அந்தக் கல்யாணத்தில் கௌரவமாக மொய்யே எழுதியிருக்கலாம்.

அந்தச் சேனல்களின் துருவும் சாந்தும் பொய் இல்லை. ஆனால் அதே துருவும் சாந்தும் முதலாவதிலும் இரண்டாவதிலும் உண்டு, அவை வருடத்துக்கு ஒரு தரம் மண்ணெண்ணெயில் கழுவினால் ஒழுங்காக ஓடுகின்றன. ஆகவே முதல் கடைக்காரர் கொடுத்தது மட்டமான சரக்கு இல்லை. அவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நாலு பேர் நிற்கும்போது கத்தியிருக்கிறேன்.

இவ்வளவும் என் தப்பு என்று தெரிந்த பிறகும் என் தீர்ப்பு மாறவில்லை. மச்சானிடம் அதைத்தான் சொன்னேன். "டிராவே வேண்டாம்டா. ரேக் ஒண்ணு வாங்கு, சுவத்துல பலகை அடி, ஸ்பானரை ஆணியில மாட்டு." இழுப்பறை என்பது மில்லிமீட்டர் தெரிந்தவன் செய்ய வேண்டிய வேலை. பிளேடு தின்னும் அளவு, அரை அங்குலம், ஈரம், தூள், எல்லாமே ஒழுங்காக இருந்தால்தான் அது ஓடும். பலகையில் அடித்த ஆணி அரை அங்குலம் தள்ளிப்போனாலும் சுத்தியல் தொங்கத்தான் செய்யும். மொத்தம் இதுவரை 9,480 ரூபாய். அதில் ரேக்கும் பலகையும் 1,100 சொச்சம். மீதி முழுக்க அந்தப் பெட்டி தின்றது. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போடுவேன், அதுவும் கீழே மரைனில் செய்த இரண்டுக்காக.

"அப்ப நீங்க அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுடுவீங்களா மாமா?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பிளைவுட் கடையில் பிளைவுட் மேல் ஒட்டும் மைக்காவின் சாம்பிள் துண்டுகள் சும்மாவே கொடுத்தார்கள், 1 மி.மீ. கனம். பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. வேண்டும். ஒரு துண்டை அப்படியே வைத்து, இன்னொன்றை உப்புத்தாளில் பாதியாகத் தேய்த்தேன். தேய்த்தே கை விட்டுப்போனது. நாலு ஸ்க்ரூவையும் முடுக்கி, 14 கிலோ ஸ்பானரையும் பழையபடி அடுக்கி, சுண்டுவிரலால் தள்ளினேன். சத்தமே இல்லாமல் உள்ளே போய், கடைசியில் 'டக்' என்று உட்கார்ந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது புரட்டாசிதானே" என்றாள். "ஐப்பசி வரட்டும்."