மலிவு விலை பேஸ் கிட்டார்: சுத்தம் செய்தால் போதுமா, பாகத்தையே மாற்றணுமா?

ஜாஸ் பேஸ் (ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ் கிட்டார் மாடல்) அமைப்பில் வரும் மலிவு விலை கிட்டார்களின் உள்ளே இரண்டு வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருந்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகம்), ஒரு டோன் பாட், ஒரு கெப்பாசிட்டர், கேபிள் செருகும் ஒரு ஜாக், கொஞ்சம் ஒயர். அவ்வளவுதான். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் பெரும்பாலான கோளாறுகளை வீட்டிலேயே முடித்துவிடலாம். எதைச் சுத்தம் செய்து ஓட்டலாம், எதை மாற்றியே ஆகணும் என்பதில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள்.

முதலில் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அப்புறமும் கோளாறு இருந்தால் கவனியுங்கள்: குமிழைத் திருகும்போது கரகரத்தால் பாட்; கேபிளை அசைக்கும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஜாக்.

கரகரக்கும் பாட்டுக்கு என் ஓட்டு கான்டாக்ட் கிளீனருக்குத்தான் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே). குமிழ்கள் இருக்கும் கன்ட்ரோல் பிளேட்டில் மூன்றே ஸ்க்ரூ. கிட்டார் கம்பிகளைத் தளர்த்த வேண்டியதில்லை. பாட்டின் மூன்று கால்களுக்கு மேலே சின்ன இடைவெளி தெரியும். அதற்குள் லேசாக ஒருமுறை அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முப்பது தடவை திருகி, காயவிடுங்கள். சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம்; அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டும்.

புது பாட் போடுவது கேட்க எளிது, செய்யும்போதுதான் இடிக்கும். இந்தக் கிட்டார்களில் பெரும்பாலும் சின்ன 16 மி.மீ. பாட்தான் இருக்கும், பிளேட்டில் துளை 7 அல்லது 8 மி.மீ. நல்ல பாட் என்று அமெரிக்க அளவில் வாங்கினால் அதற்கு 9.5 மி.மீ. துளை வேண்டும், தண்டும் தடிமனாக இருப்பதால் பழைய குமிழ் பொருந்தாது. பாட்டின் முதுகில் எர்த் ஒயரைப் பற்றவைக்க 25 வாட் அயர்ன் திணறும். கிளீனர் அடித்தும் நடுவில் சத்தம் அறுந்துபோகிறது, தண்டு ஆடுகிறது என்றால் மட்டும் மாற்றுங்கள். சிங்கிள் காயில் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும், ஒரே சுருள் கொண்ட பாகம்) 250கே, அதாவது 250 கிலோ ஓம் பாட், அதே துளை அளவில்.

ஜாக் விஷயத்தில் நேர்மாறாகச் சொல்வேன். திறந்த வகை ஜாக்கில் உலோக நாக்கை உள்பக்கம் லேசாக வளைத்தால் பிடிப்பு வரும். நாளைக்கு மேடை என்றால் அது போதும். ஆனால் மலிவு கிட்டார்களில் பல நேரம் மூடிய பிளாஸ்டிக் ஜாக்தான் இருக்கும்; அதில் வளைக்க எதுவும் கிடையாது. தரமான திறந்த ஜாக், உதாரணமாக ஸ்விட்ச்கிராஃப்ட், வாங்கிப் போடுங்கள். இரண்டே பற்றவைப்பு: நீண்ட நாக்கோடு சேர்ந்த காலில் சிக்னல், நடு வளையத்தோடு சேர்ந்த காலில் எர்த். நட்டை முறுக்கும்போது உள்ளே ஜாக்கைக் கையால் பிடித்துக்கொள்ளணும்; இல்லாவிட்டால் ஜாக்கும் சேர்ந்து சுற்றி ஒயரை அறுத்துவிடும். மலிவு பேஸில் காசு போட்டால் உடனே பலன் தெரிகிற இடம் இதுதான்.

இரைச்சலைத் தடுக்க உள்ளே ஒட்டும் செப்பு டேப்பைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள். அதற்கு முன் கிட்டார் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் பிரிட்ஜுக்கு (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாகம்) அடியில் போகும் ஒயர் விட்டிருக்கலாம். மல்டிமீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் எர்த் காலுக்கும் இடையே ஏறக்குறைய 0 ஓம் காட்டணும். காட்டாவிட்டால் அந்த ஒயரைச் சரிசெய்யுங்கள், டேப் அப்புறம் பார்க்கலாம். சிங்கிள் காயிலின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மை (வீட்டு மின்சாரத்தால் வரும் உறுமல்) டேப் நிறுத்தாது. அதற்கு இரண்டு வால்யூமையும் முழுதாக வைத்தாலே பெரும்பாலான ஜாஸ் பேஸ்களில் அடங்கிவிடும்.

தோள் பட்டையை மாட்டும் ஸ்ட்ராப் பட்டனின் ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றுகிறதா? பெரிய ஸ்க்ரூ போட்டால் அதன் தலை பட்டனின் குழிக்குள் உட்காராது, மரமும் பிளக்கலாம். துளைக்குள் மரப்பசை தடவிய பல்குச்சிகளைச் செருகி, ஒரு இரவு காயவிட்டு, வெளியே நீட்டுவதை வெட்டிவிட்டுப் பழைய ஸ்க்ரூவையே முறுக்குங்கள்.

முழு ஒயரிங் செட்டையும் ரெடிமேடாக வாங்கி மாட்டும் யோசனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலும் பெரிய பாட்களோடுதான் வரும், துளைகளைப் பெரிதாக்கணும். பிக்கப் ஒயர்களை எப்படியும் நீங்கள்தான் பற்றவைக்கணும்.