படியில் ஏற்றி விற்ற சைக்கிள்

என் உயரம் 4 அடி 8 அங்குலம். அதை முதலே சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும்.

வீடு மட்டக்களப்பு ஆரையம்பதி. படிப்பிப்பது வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில். கொக்கட்டிச்சோலை வரைக்கும் பஸ், அதற்கு அப்பால் ஆறு கிலோமீற்றர் கிரவல் ரோட்டு. மாரி பெய்தால் கிரவல் கரைந்து குழி, வெயில் எறித்தால் பொடிக்கல்லும் புழுதியும். அம்மாவின் பழைய லேடீஸ் சைக்கிளில்தான் இவ்வளவு காலமும் போய் வந்தேன். போன மாரியில் அதன் பின் ரிம் நெளிந்து, எத்தனை தடவை நெளிவெடுத்தாலும் ஆடத் தொடங்கியது. தடித்த ரயர், கியர் உள்ள மவுண்டன் சைக்கிள் ஒன்று வாங்குவோம், 50,000 ரூபாய்க்குள் முடிப்போம் என்று நினைத்தேன்.

கடை மட்டக்களப்பு - கல்முனை ரோட்டில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை, இன்பொக்ஸில் வந்து கேட்கவும் வேண்டாம். என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

போனவுடனேயே முதலாளியிடம் சொல்லிவிட்டேன், நான் கட்டை, பெரிய சைக்கிள் சரிவராது என்று. "அதுக்கென்ன டீச்சர், ஆகச் சின்ன சைஸ் ஒண்டு இரிக்கி" என்று கறுப்பில் பச்சைக் கோடு போட்ட ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். சீற்றுக்குக் கீழே உள்ள குழாயில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர், அதில் 15 என்று இருந்தது. "பிரேம் பதினஞ்சு. புத்தம் புதுசு." என் உயரத்துக்கு 13, 14 அங்குல பிரேம்தான் பொருந்தும் என்று முன்பே தேடிப் பார்த்திருந்தேன். ஒரு அங்குலம் கூடினால் சமாளிக்கலாம் என்று நினைத்தது என் பிழை.

இனித்தான் விஷயம். கடை வாசலில் முக்கால் அடி உயரத்துக்கு ஒரு சீமெந்துப் படி. சைக்கிளை அந்தப் படியோடு ஒட்டி நிறுத்தி, "இடது காலப் படியில வைச்சு ஏறுங்க டீச்சர்" என்றார். சீற்றை ஆக அடிக்கு இறக்கியிருந்ததால் பெடல் நன்றாகவே எட்டியது. ரோட்டில் நூறு மீற்றர் போய்த் திரும்பினேன். நல்லாத்தான் ஓடியது, கியரும் சத்தமில்லாமல் விழுந்தது. திரும்பி வரும்போது அவர் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இதில கொண்டுவந்து நிப்பாட்டுங்க" என்று கை காட்டினார். நிறுத்தினேன். கால் படியில் ஊன்றியது. ஏறியதிலிருந்து இறங்கியது வரை என் கால் ஒரு தடவைகூடத் தரையில் படவில்லை என்பது அந்த நேரம் மண்டைக்குள் ஏறவேயில்லை.

52,000 ரூபாய். கடதாசித் துண்டில் 'சைக்கிள் 1' என்று எழுதி, சீல் குத்தி, கையில் தந்தார்.

வீட்டுக்கு ஓடி வரும் வழியிலேயே ஒரு மாடு ரோட்டுக்கு நடுவில் படுத்திருந்தது. பிறேக் பிடித்தேன், சைக்கிள் நின்றது. சீற்றை விட்டு முன்னுக்கு இறங்கிக் காலை ஊன்றப் போனால், ஊன்ற நிலம் இல்லை. சைக்கிளின் மேல் பார் இடித்து, அப்படியே வலப்பக்கம் சரிந்து, முழங்கை உரசிக்கொண்டு விழுந்தேன். மாடு தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அசைபோட்டது.

எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் திருத்தும் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் தையல் ரேப் ஒன்றை எடுத்து, பெடல் தண்டு சுற்றும் அச்சின் நடுவில் ஒரு முனையை வைத்து, சீற் குழாயின் மேல் வாய் வரை இழுத்தார், பிரேமின் அளவு அதுதான். 18. மறுகா இன்னொரு தடவை இழுத்தார். அதே 18. துணியில் மண்ணெண்ணெய் தொட்டு அந்த 15 ஸ்டிக்கரைத் தேய்த்து, நகத்தால் உரித்தார். அடியில் இன்னொரு சின்ன ஸ்டிக்கர், யப்பான் எழுத்தும் இலக்கமும். "புதுசெண்டா சொன்னவன்? இது கொன்டெய்னரில வந்த யப்பான் சைக்கிள் மகள்." யப்பானில் சைக்கிள் வாங்குகிறவர் அதைப் பதிய வேண்டும் என்பது சட்டம், பதிந்தால் ஒட்டும் இலக்கம்தான் அது. யாரோ ஒருவர் அங்கே ஓடிவிட்டுக் கழித்தது எனக்குப் புத்தம் புதுசாக வந்திருக்கிறது. யப்பான் சைக்கிளைக் குறை சொல்ல மாட்டேன், பழசானாலும் பாரம் தாங்கும். பழசு என்று சொல்லிப் பழசின் விலைக்குத் தந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

நம் பக்கம் 'இருபத்தாறு', 'இருபத்திநாலு' என்று சொல்வதெல்லாம் சில்லின் அளவு. பிரேமின் அளவு வேறு கணக்கு. ஒரே 26 சில்லில் 14 பிரேமும் வரும், 20 பிரேமும் வரும். ஆளுக்குப் பொருந்துவதைத் தீர்மானிப்பது பிரேம். அதிலும் நம்மைப் போன்ற கட்டை ஆட்களுக்கு முக்கியம் அந்த மேல் பார் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதுதான். பெடல் எட்டுகிறதா என்று பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை, சீற்றை இறக்கினால் யாருக்கும் எட்டும். நிற்கும்போது பாருக்கு மேலால் காலை விரித்து நிற்க வேண்டுமே. அன்று இரவு சுவரோடு முதுகை ஒட்டி, வெறுங்காலில் நின்று, வகுப்பு வரவு இடாப்பைக் கால்களுக்கிடையில் மேலே இறுக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பு வரை தங்கச்சியை அளக்கச் சொன்னேன். 25 அங்குலம். சைக்கிளின் பார் 30. கிரவலில் ஓடுவதற்குப் பார் நம் காலை விட இரண்டு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். எனக்கு அது ஐந்து அங்குலம் மேலே நின்றது.

அடுத்த நாளே கடைக்குப் போனேன். "ஓடின சைக்கிள எப்பிடி டீச்சர் திருப்பி எடுக்கிற?" ஸ்டிக்கரைக் காட்டினேன். அது கொழும்பிலிருந்து வரும்போதே இருந்ததாம், தனக்குத் தெரியாதாம். பிறகு குரலை இறக்கி ஒரு வழி சொன்னார். இருபத்திநாலு சில்லு போட்டால் சைக்கிள் பணிந்துவிடும், 8,000 தந்தால் பின்னேரமே முடித்துத் தருகிறேன் என்று. ஒருக்கால் ஏமாந்தவள் மறுக்காலும் ஏமாந்தேன். கழற்றிய 26 சில்லு இரண்டையும் அவரே வைத்துக்கொண்டார்.

கணக்கைப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். 26 மவுண்டன் சைக்கிள் ரிம்மில் ரயர் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மில்லிமீற்றர். 24இல் அது 507. வித்தியாசத்தில் பாதிதானே கீழே இறங்கும், 26 மில்லிமீற்றர். ஒரு அங்குலம் இறங்க 8,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பார் இன்னும் நாலு அங்குலம் மேலே. பள்ளிக்கூடத்தில் கூடப் படிப்பிக்கும் அக்கா பார்த்துவிட்டு, "என்னகா, சில்லுத்தான் சின்னதாப் போச்சு, நீ இன்னும் தொங்கிக்கிட்டுத்தான் இரிக்காய்" என்றார்.

சிரிக்கிற விஷயம் அதோடு முடிந்தது. பிறேக் கட்டை ரிம்மைப் பிடிக்கிற வகைச் சைக்கிள் அது. ரிம் கீழே போனதும் கட்டை எட்டவில்லை. அந்த மனிசன் கட்டை பூட்டும் துவாரத்தை அரத்தால் ராவி நீட்டி, கட்டையை இழுத்து இறக்கியிருக்கிறார். அப்படியும் பாதிதான் ரிம்மில், மற்றப் பாதி ரயரில். நாலாம் நாள் முன் ரயரின் பக்கவாட்டில் நூல் தெரிந்தது. ஐந்தாம் நாள் ரியூப் வெடித்தது, நல்ல காலம் மெதுவாகப் போகும்போது. பெடலும் நிலத்துக்குக் கிட்ட வந்துவிட்டதால் வளைவுகளில் கல்லில் தட்டும். பின்னேரத்தில் யானை இறங்குகிற பக்கம் அது. பிறேக் பிடிக்காத சைக்கிளில், நிறுத்தினால் ஊன்றக் கால் எட்டாமல், அந்த ரோட்டால் வர எனக்குத் தைரியம் இல்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்தேன். தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் ஸ்டிக்கர், ரேப் வைத்து எடுத்த படம், தேய்ந்த ரயர் எல்லாம் கொண்டுபோனேன். அவர்கள் முதலில் கேட்டது பில்லை. பில்லில் 'சைக்கிள் 1' என்று மட்டும் இருக்கிறது. புதுசு என்றும் இல்லை, 15 என்றும் இல்லை. வாயால் சொன்னதை எதை வைத்து நிரூபிப்பது? ஆகவே வாங்குகிற யாரும் 'புதியது' அல்லது 'பாவித்தது', பிரேம் இத்தனை அங்குலம் என்று பில்லில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். எழுத மாட்டேன் என்றால் காசைக் கொடுக்க வேண்டாம். சில்லு மாற்றியதற்குத் தனியாகப் பில் இருந்தது, ரயரில் தேய்ந்த தடமும் இருந்தது. அதனால் 8,000 ரூபாயும் பழைய சில்லு இரண்டும் திரும்பி வந்தன. 52,000 வரவில்லை.

இப்போது நான் ஓடுவது 24 சில்லு, 13 பிரேம், பெரிய பிள்ளைகளுக்கென்று செய்த கியர் சைக்கிள். இதுவும் யப்பான் பழசுதான், ஆனால் பழசு என்று சொல்லியே 28,000க்குத் தந்தார்கள். கடைக்குள் சம நிலத்தில், படியும் கட்டும் இல்லாத இடத்தில், சீற்றுக்கு முன்னால் இரண்டு பாதமும் முழுதாகப் பதிய நின்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசினேன். பார் 23. சீற் தண்டை மட்டும் நீளமானதாக மாற்றினேன். தண்டில் ஒரு கோடு வெட்டியிருக்கும், அது வெளியே தெரிகிற அளவுக்கு உயர்த்தக் கூடாது, முறிந்துவிடும். பிறேக் லீவரில் ஒரு சின்ன ஸ்குரூ உண்டு. அதை உள்ளே முறுக்கினால் லீவர் ஹான்டிலுக்குக் கிட்ட வரும், சின்னக் கைக்கு அது பெரிய உதவி. ஐயா காட்டும் வரைக்கும் எனக்கே தெரியாது. முன்னுக்கு சொக் (அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்) இல்லாததைத்தான் எடுத்தேன். மலிவுச் சைக்கிளில் வரும் சொக் வெறும் இரும்புப் பாரம், பஸ் வராத நாளில் மண்முனைப் பாலத்தில் எதிர்காற்றில் மிதித்துப் பார்த்தால் தெரியும்.

கறுப்புச் சைக்கிள் வீட்டில் நிற்கிறது. 26 சில்லைத் திரும்பப் பூட்டி, பிறேக் கையும் கட்டையும் புதிதாக மாற்றியாயிற்று. 18 பிரேம், யப்பானில் பாவித்தது, முன் சில்லைப் பிடிக்கும் கவையில் (fork) சின்னக் கீறல், அது மாட்டுக்காக விழுந்தபோது வந்தது. ஐந்தரை அடிக்கு மேல் உள்ளவர்கள் யாராவது இருந்தால் வந்து பாருங்கள், விலை பேசலாம். எங்கள் வீட்டு முற்றம் மணல், படி இல்லை.