சாரல் காலத்தில் படம் எடுக்க: தென்காசி முதல் கழுதுருட்டி வரை எது எங்கே எடுபடும்?

சீசன் தொடங்கிவிட்டால் செங்கோட்டைப் பக்கம் கேமராவும் கையுமாக வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்: காலையா மாலையா? அகல லென்ஸா டெலியா (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்)? அருவி நீரை வழிய விட்டு எடுப்பதா, உறைய வைத்து எடுப்பதா? ஃபோன் போதுமா? யூடியூபில் இவற்றுக்கெல்லாம் பொதுவான விடைகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் பொதுவான விடை இந்த மலையில் பாதி நேரம் செல்லாது.

காரணம், மலை நிற்கும் திசை. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே வடக்கு தெற்காக நிற்கிறது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை எல்லாம் கிழக்கு அடிவாரம். புளியரையைத் தாண்டிக் கோட்டைவாசல் ஏறி, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று இறங்கினால் மேற்குச் சரிவு, கேரளப் பக்கம். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அரசாங்கம் கோடு போட்ட இடத்தில்தான் வெயிலும் கோடு போட்டிருக்கிறது. இந்தப் பக்கம் வயலில் காலை வெயில் முழுதாக விழுந்துகொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு நிழலில் கிடக்கும். ஆகவே என்னிடம் யார் கேட்டாலும், எந்தச் சரிவில், எத்தனை மணிக்கு என்று கேட்ட பிறகுதான் பதில் சொல்வேன்.

சூரியகாந்தி: காலையா, மாலையா?

தென்காசிக்குப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்திருக்கும்போது மலையாள நம்பர் பலகை போட்ட கார்கள் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும். அருவியில் குளித்து, புரோட்டா சாப்பிட்டு, சாவகாசமாகச் சாயங்காலம் வந்து இறங்குகிறவர்களே அதிகம். சூரியன் போகும் திசையெல்லாம் பூவும் திரும்பும் என்று சின்ன வயதில் படித்ததை நம்பி மேற்கே போய் நின்று பார்த்தால், பூக்கள் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். சூரியனோடு சேர்ந்து திரும்புபவை இளஞ்செடியும் மொட்டும்தான். மலர்ந்து முற்றிய பூ கிழக்குப் பார்த்தபடி நின்றுவிடும்.

படம் எடுக்கிறவருக்கு இது பெரிய வசதி. வயலின் கிழக்கு ஓரத்தில் நின்று மேற்கே பார்த்தால் பூவின் முகமும் அதற்குப் பின்னால் மலையும் ஒரே சட்டத்துக்குள் வரும். காலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருவதால் இரண்டின் மேலும் விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் மலை வெறும் கறுப்புச் சுவராகிவிடும், பூவின் முகத்திலும் வெளிச்சம் இருக்காது.

அப்படியானால் காலைதான் என்று முடித்துவிடலாமா? முழுக்க முடியாது. முதுகுக்கு நேர் பின்னாலிருந்து வரும் வெயிலில் நிழலே விழாது. நிழல் இல்லாத மஞ்சள் தட்டையாகத் தெரியும். இதற்கு ஒரு வழி உண்டு. ஜூலையில் சூரியன் நேர் கிழக்கில் எழுவதில்லை, வடக்கே தள்ளித்தான் எழுகிறது. நீங்கள் தென்மேற்காகத் திரும்பினால் வெயில் நேர் பின்னால் வந்துவிடும். வடமேற்காகக் கொஞ்சம் திரும்பினால் அதே வெயில் வலது தோளுக்குப் பக்கமாக வரும். இதழ்களின் ஒரு பக்கத்தில் நிழல் விழும், பூ உருண்டு தெரியும். ஓரிரு எட்டு நகர்ந்து திரும்பினால் கிடைக்கும் இந்த மாற்றம் எந்த ஃபில்டரிலும் கிடைக்காது.

மாலைக்கும் ஒரு வேலை இருக்கிறது. மலையை மறந்துவிட்டு, ஒற்றைப் பூவை அதன் முகத்துப் பக்கமிருந்து, சூரியனுக்கு எதிராக வைத்து நெருங்கி எடுங்கள். பின்னாலிருந்து வரும் வெயில் இதழில் ஊடுருவி, நரம்புகள் தனித்தனியாகத் தெரியும். காம்பில் இருக்கும் சுணை கூட ஒளிரும். வயலுக்குக் காலை, பூவுக்கு மாலை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நேரத்திலும் மலைக் கணவாய் வழியே வரும் காற்று செடியை ஆட்டும். ஷட்டரை 1/500 நொடியை விட மெதுவாக வைக்க வேண்டாம். அதற்காகக் கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ. 800 ஆகிறதே என்று கவலைப்படவும் வேண்டாம். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்துவிடலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அகல லென்ஸா, டெலியா?

இதே வயலில் அகல லென்ஸோடு வருகிறவர்கள்தான் அதிகம். ‘எல்லாமே ஃபிரேமுக்குள் வர வேண்டும்’ என்பது அவர்கள் வாதம். எல்லாமே வரும்தான். ஆனால் முன்னால் இருக்கும் நான்கு பூக்கள் பூதாகரமாகி, பின்னால் இருக்கும் மலை வரப்பு உயரத்துக்குச் சுருங்கிவிடும். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த மலை படத்தில் எங்கே போனது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் 24 மி.மீ. அகல லென்ஸில் எடுத்தவர்கள்.

மலை பெரிதாக வர வேண்டுமானால் பூவை விட்டுத் தள்ளிப்போக வேண்டும். சாலை ஓரம் வரை பின்வாங்கி 85 அல்லது 135 மி.மீ. டெலியில் பாருங்கள். பூவுக்கும் உங்களுக்கும் இடைவெளி கூடுவதால் பூ பழைய அளவிலேயே இருக்க, மலை எழுந்து வந்து வயலின் மேல் நிற்கும். மாயம் லென்ஸில் இல்லை, நீங்கள் நிற்கும் தொலைவில் இருக்கிறது. டெலி அந்தத் தொலைவை வெட்டி எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஃபோனிலும் 2 எக்ஸ், 3 எக்ஸ் என்று தனி லென்ஸ் இருந்தால் இதே பலன் உண்டு. இன்னொரு லாபம், வயலுக்குள் கால் வைக்கவே தேவையில்லை. பூவுக்கு நடுவே நின்று படம் எடுக்க வேண்டும் என்று செடியை மிதித்துப் போகிறவர்களைப் பார்த்து, ‘அண்ணாச்சி, வரப்போடு நில்லுங்கள், அது வித்துக்கு விட்டிருக்கிறது’ என்று வயல்காரர் கெஞ்சுவதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இங்கே என் ஓட்டு சந்தேகமில்லாமல் டெலிக்கு.

அருவி: வழிய விடுவதா, உறைய வைப்பதா?

அதிகம் சண்டை நடக்கும் இடம் இது. ஒரு கட்சி அரை நொடி, ஒரு நொடி என்று ஷட்டரைத் திறந்து வைத்து நீரை வெண்திரையாக்குகிறது. இன்னொரு கட்சி 1/1000-இல் அடித்து ஒவ்வொரு துளியையும் அந்தரத்தில் நிறுத்துகிறது. ஒருவர் படத்தை மற்றவர் பார்த்து முகம் சுளிக்கிறார்.

தண்ணீர் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால் இந்தச் சண்டை பாதி தீர்ந்துவிடும். குற்றாலத்து ஐந்தருவியில் அளவாக விழும்போது நீர் கிளை கிளையாகப் பிரிந்து பாறையைத் தடவி இறங்குகிறது. அங்கே 1/4 நொடி கொடுத்தால் ஒவ்வொரு கிளையும் தனி இழையாக வரும், பாறையின் கருமையும் இடையிடையே தெரியும். அதே இழைகளை 1/1000-இல் எடுத்தால் அங்கங்கே சிதறிய வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். மாறாக, பேரருவியில் வெள்ளம் ஏறியிருக்கும் நாளில் மெதுவான ஷட்டர் அத்தனை ஆவேசத்தையும் துடைத்துவிடும். மேலிருந்து வரும் நீர் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து எழும்பி, மறுபடி பாய்வதுதான் அந்த அருவியின் அழகே. 1/500-க்கு மேல் போனால்தான் அந்த எழும்பல் படத்தில் நிற்கும். வெள்ளத்தை வழிய விட்டு எடுத்த படத்தில் மிஞ்சுவது வெறும் வெள்ளைத் துணி.

இரண்டுக்கும் நடுவே 1/15 முதல் 1/30 வரை இருக்கும் வேகங்களை யாரும் சீண்டுவதில்லை. நீர் நகர்வதும் தெரியும், அதன் முறுக்கும் தெரியும். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி உள்ள கேமராவாக இருந்தால் கையில் பிடித்தே எடுத்துவிடலாம். என் விருப்பம் இதுதான்.

மெதுவான ஷட்டருக்கு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று என்.டி. ஃபில்டர் வாங்கச் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. ஆறு ஸ்டாப் என்.டி. என்றால் வெளிச்சம் 64-இல் ஒரு பங்காகக் குறையும். உச்சி வெயிலுக்கு அது சரி. சாரல் நாளின் மூட்டத்தில் அவ்வளவு தேவையே இல்லை. மரநிழலும் மேகமும் சேர்ந்த இடத்தில் ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 11 வைத்தாலே ஷட்டர் 1/30 பக்கம் வந்துவிடும். அதன் மேல் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை மாட்டினால் ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் குறைந்து 1/10 ஆகும். கூடவே, நனைந்த பாறையிலும் இலையிலும் வானம் பட்டு மின்னும் வெள்ளைப் பூச்சு போய், பாறை கறுத்து, இலை பச்சையாகும். இந்த வேலையை என்.டி.யால் செய்ய முடியாது. மாட்டிவிட்டு வளையத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. திருப்பாத போலரைசர் சும்மா ஒரு கறுப்புக் கண்ணாடி.

படம் எடுக்கப் போகிறவர் மறக்கக் கூடாத வேறு இரண்டு காரியங்களும் உண்டு. குளிக்கிறவர்களை, குறிப்பாகப் பெண்கள் பகுதியை நோக்கி, எந்த லென்ஸையும் திருப்பக் கூடாது. வெள்ளம் ஏறிக் குளிக்கத் தடை போட்டிருந்தால் படம் எடுக்கிறவருக்கும் அது தடைதான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. மேலே பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை.

வெள்ளைக்குப் பிளஸ்ஸா, மைனஸ்ஸா?

வெள்ளையாக எது இருந்தாலும் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, கூட்டு என்று ஒரு பாடம் உண்டு. அருவியில் வெள்ளை எரிந்துபோகும், குறை என்று இன்னொரு பாடம். இரண்டும் சரி, இடம்தான் வேறு.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு தெரியாது. பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். புளியரை எஸ் வளைவில் மூடுபனி இறங்கி, வயலும் மரமும் மங்கி, சட்டம் முழுக்க வெண்மையாக இருந்தால் மீட்டர் அதை இருட்டாக்கிவிடும். பனி அழுக்குத் துணி நிறத்தில் வருவது இதனால்தான். அங்கே ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். அருவியில் நிலைமை தலைகீழ். சட்டத்தின் பெரும்பகுதி கறுத்த பாறை, வெள்ளை நடுவே ஒரு பட்டை மட்டும். மீட்டர் பாறையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்ட, நீரில் விவரம் ஒன்றும் இல்லாமல் போய்விடும். அங்கே முக்கால் ஸ்டாப்பாவது குறைக்க வேண்டும். ஃபோனில் திரையைத் தொட்டுப் பிடித்து, விரலை மேலோ கீழோ இழுத்தால் இதே வேலை நடக்கும். இலவசமாகக் கிடைக்கும் இந்த வசதியை விட்டுவிட்டுப் புது ஃபோன் விலை விசாரிக்கிறவர்கள் நிறைய.

ஜேபெக்கா, ரா ஃபைலா (கேமரா சுருக்காமல், திருத்தாமல் வைக்கும் மூலப் பதிவு) என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ரா ஃபைலில் 16,384. பனியையும் அருவியையும் பின்னால் திருத்த நினைத்தால் ரா. திருத்தப் பொறுமை இல்லாதவர் ஜேபெக்கில் எடுத்து, எக்ஸ்போஷரை அங்கேயே சரியாக வைத்துவிடலாம்.

கழுதுருட்டிப் பாலம்

கொல்லம்–செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதை 1904-இல் திறந்தது. அந்தக் காலத்துப் பதிமூன்று கண் கல் பாலம் கழுதுருட்டியில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது. 2018 முதல் அகலப் பாதையில் ரயில் ஓடுகிறது. கிழக்கே மலை மறைப்பதால் இங்கே காலை வெயில் தாமதமாகத்தான் இறங்கும். சுந்தரபாண்டியபுரத்தில் காலையை முடித்துக்கொண்டு மதியத்துக்கு மேல் இங்கே வருவது நல்லது.

பாலத்தடியில் நின்று அகல லென்ஸில் அண்ணாந்து எடுத்தால் தூண்கள் உள்ளே சாய்ந்து, ரயில் தீப்பெட்டி அளவில் தெரியும். தள்ளி நின்று டெலியில் எடுத்தால் வளைவுகள் ஒன்றின் பின் ஒன்றாக நெருங்கி வரும், ரயிலும் உருவத்தோடு இருக்கும். ஆனால் பாலத்தின் உயரத்தைக் காட்ட அண்ணாந்த படத்தை விட்டால் வழியில்லை. நேரம் இருந்தால் இரண்டையும் எடுங்கள். ரயில் நேரத்துக்காக மட்டுமே வந்தவர் டெலியைக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

ஓடும் ரயிலோடு கேமராவைத் திருப்பி எடுக்கும் பேனிங் முறையை இங்கே பரிந்துரைக்க மாட்டேன். ரயில் தெளிவாகி, பார்க்க வந்த பாலம் கலைந்துபோகும். மலைப்பாதையில் ரயில் மெல்லத்தான் போகிறது, 1/250 தாராளம். தண்டவாளத்தில் ஏறி நின்று எடுப்பது ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ கிடைக்கலாம்.

ஃபோனா, கேமராவா? கடைசியில் பணம் எதற்கு?

அருவிக்கரையில் ஃபோனுக்குத்தான் என் ஓட்டு. நீர் புகாத ஃபோனைச் சாரலில் தயங்காமல் நீட்டலாம். துப்பட்டாவுக்குள் கேமராவைப் பொத்திக்கொண்டு நிற்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஃபோனில் அப்பர்ச்சர் பெரும்பாலும் மாற்ற முடியாதது என்றாலும், பல படங்களை அடுக்கி நீரை வழியவிடும் வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. ஐஃபோனில் லைவ் படமாக எடுத்துவிட்டுப் பிறகு லாங் எக்ஸ்போஷருக்கு மாற்றிக்கொள்ளலாம். பாலத்திலும் பறவையிலும் கேமரா ஜெயிக்கிறது. ஃபோனில் தொலைவு கூடக் கூட விவரம் குறைகிறது.

டிரைபாட் வாங்கலாமா என்று கேட்டால், சீசன் கூட்டத்தில் அதை விரிக்க இடம் கிடைக்கட்டும் முதலில் என்பேன். கைப்பிடிச் சுவரில் மடித்த துண்டை வைத்து, அதன் மேல் கேமராவை அழுத்தி, 2 நொடி டைமர் போட்டால் கால் நொடி வரை தாங்கும். அந்தப் பணத்தில் போலரைசர் வாங்குங்கள். உங்களிடம் இருக்கும் லென்ஸ்களில் பெரிய விட்டத்துக்கு ஒன்று வாங்கி, சிறிய லென்ஸுக்கு ஸ்டெப்-அப் வளையம் மாட்டிக்கொண்டால் ஒன்றே போதும். மிச்சத்துக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணி, ஈரம் உறிஞ்ச ஒரு பை சிலிக்கா ஜெல். ஏ.சி. காரில் வந்து இறங்குகிறவர்கள் கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்துக் கால் மணி நேரம் பொறுத்து எடுக்க வேண்டும். குளிர்ந்த லென்ஸில் ஈரக்காற்று பட்டவுடன் ஆவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். அந்தக் கால் மணியில் டீ குடித்துவிட்டு, மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.