749 ரூபாய் நிட்டிங் கிட்: ஊசி பரவாயில்லை, மற்றதெல்லாம் நம் பாடு

மார்கழி வந்தால் அப்பா மப்ளர் சுற்றாமல் காலை நடைக்குக் கிளம்ப மாட்டார். பழசு நைந்துபோய்விட்டதால் இந்த வருஷம் நானே பின்னித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். மதுரையில் உட்கார்ந்துகொண்டு உல்லன் நூலும் கையுமாக இருப்பவளைப் பார்த்து வீட்டில் சிரித்தது தனிக் கதை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே ஒரு கிட் ஆன்லைனில் 749 ரூபாய்க்கு வந்தது, வாங்கினேன். பெயர் போடவில்லை, ஏனென்றால் கிட்டத்தட்ட இதே பெட்டியைப் பல பேர் பல பெயரில் விற்கிறார்கள், யாரிடம் வாங்கினாலும் நீங்கள் மாட்டப்போவது இதே இடங்களில்தான்.

உள்ளே இருந்தவை: எட்டாம் நம்பர் அலுமினிய ஊசி ஒரு ஜோடி, கருநீல அக்ரிலிக் நூல் 50 கிராம் உருண்டை இரண்டு, மழுங்கிய பிளாஸ்டிக் ஊசி ஒன்று, எதையும் வெட்டாத ஒரு குட்டிக் கத்தரி, நாலு பக்கத் தாள். ஊசி நன்றாகவே இருக்கிறது, முனை வழுவழுப்பாக இருப்பதால் நூல் சிக்குவதில்லை. பாராட்டு இதோடு முடிந்தது.

முதல் குற்றம் நிறம். பழகுகிறவளுக்குக் கருநீலம், அதுவும் பிசிறு பிசிறான நூல்! கரும்பலகையில் கரிக்கட்டையால் எழுதிக் காட்டி இப்போது படி என்பது மாதிரி. ராத்திரி டியூப்லைட்டில் எது கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்), எது இரண்டு கண்ணிக்கு நடுவே ஓடும் நூல் என்றே தெரியவில்லை. தெருவோரம் ஃபேன்ஸி ஸ்டோரில் வெளிர் மஞ்சளில் பிசிறில்லாத நூல் ஒன்று வாங்கி அதில் ஒரு வாரம் பழகிய பிறகுதான் எனக்குக் கண் திறந்தது.

அடுத்தது நம்பர் குழப்பம், இதைத்தான் மன்னிக்க முடியவில்லை. தாளில் 36 கண்ணி போட்டால் எட்டங்குல அகலம் வரும், எட்டாம் நம்பர் ஊசி என்று இருக்கிறது. கையில் இருப்பதும் எட்டு. ஆனால் எனக்கு வந்தது ஆறரை அங்குலம், அதுவும் கால்மிதியைப் போல விறைப்பாக. எதிர்வீட்டு டீச்சரம்மா குன்னூரில் பல வருஷம் இருந்தவர், அவர்தான் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது அமெரிக்கக் கணக்கு. அங்கே எட்டு என்றால் 5 மில்லிமீட்டர், நம் ஊர்க் கடைகளில் ஓடும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் எட்டு என்றால் 4 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் நம்பர் ஏற ஏறத் தடிக்கும். ஆகவே நம்பரை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். எங்கிருந்தோ எடுத்த தாளை ஊசியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருந்தாலே விற்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

இறுக்கத்துக்கு என் கையும் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. ஒவ்வொரு கண்ணி முடிந்ததும் நூலைச் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தேன், போதாததற்கு ஊசியின் கூர்முனையிலேயே பின்னிக்கொண்டிருந்தேன். முனை மெல்லிசு, அதில் பிறக்கும் கண்ணியும் சின்னதாகத்தான் பிறக்கும். புதுக் கண்ணியை ஊசியின் தடித்த பகுதிவரை தள்ளிவிட்டால் தானாகத் தளர்கிறது. தொடக்க வரிசை மட்டும் இறுகி ஓரம் சுருங்கினால், ஒரு எண் தடித்த ஊசியில் அந்த வரிசையைப் போட்டுவிட்டு இந்த ஊசிக்கு மாறிக்கொள்ளலாம்.

இனி, எனக்கு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். 36 கண்ணியில் ஆரம்பித்தேன், இருபதாவது வரிசையில் எண்ணினால் 43! மப்ளர் மேலே போகப் போக முறம் மாதிரி விரிகிறது. தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. டீச்சரம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் பின்னுவதைப் பார்த்தார், ஒரே வரிசைதான். "ஏம்மா, திருப்பினதும் நூலை ஊசிக்கு மேல தூக்கிப் போடுறியே, அப்ப மொதக் கண்ணி ரெண்டாத்தானே தெரியும்?" என்றார். அதேதான். வரிசை முடித்துத் திருப்பியதும் நூல் நம் பக்கம் தொங்குகிறது. அதை ஊசிக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோனால் முதல் கண்ணி இழுபட்டு, அதன் இரண்டு கால்களும், அதாவது வளையத்தின் இரு பக்கங்களும், மேலேறி இரண்டு கண்ணிபோல நிற்கும், நாமும் அப்பாவியாக இரண்டையும் பின்னிவிடுவோம். ஊசிக்கு அடியில் விட்டுப் பின்னால் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். நடு வரிசையில் ஓட்டையோடு கண்ணி கூடியிருந்தால் அது வேறு தவறு, பின்னும்போது நூல் பின்னால் போகாமல் முன்னால் கிடந்து ஊசிமேல் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை எண்ணிவிட்டால் எதுவும் ஏழு கண்ணி அளவுக்கு வளராது.

கண்ணி நழுவுவது கடைசிவரை இருக்கும், டீச்சரம்மாவுக்கே நழுவுகிறது. நழுவியதும் பதறித் துணியை இழுக்காதீர்கள், இழுத்தால் ஏணிப்படி மாதிரி கீழே கீழே அவிழ்ந்துகொண்டே போகும். கையில் இருக்கும் ஊக்கை அந்தக் கண்ணியில் மாட்டிவிட்டு மூச்சு விடுங்கள். அப்புறம் நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, ஏணியின் அடிப்படியில் தொடங்கி ஒவ்வொரு படியாக இழுத்து ஏற்றிக்கொண்டே வந்தால் ஓட்டை மூடிவிடும். எல்லா வரிசையும் நிட் (நூலைப் பின்னால் வைத்துப் போடும் அடிப்படைக் கண்ணி) போடும் கார்ட்டர் பின்னலில் ஒரு படியை முன்பக்கமிருந்தும் அடுத்ததைப் பின்பக்கமிருந்தும் இழுக்க வேண்டும், அதுதான் கொஞ்சம் தலைவலி. ஊசியில் திரும்ப ஏற்றும்போது கண்ணியின் வலது கால் முன்னால் நிற்க வேண்டும், மாறினால் கண்ணி முறுக்கிக்கொள்ளும். இவ்வளவுக்கும் தேவையான குரோஷா ஊசி கிட்டில் இல்லை! முப்பது ரூபாய்ப் பொருள். அதற்குப் பதில் அந்தக் கத்தரியை வைத்திருக்கிறார்கள்.

நானாகக் கண்டுபிடித்த ஒன்று உண்டு. இருபது வரிசைக்கு ஒருமுறை, பூக்கட்டும் வெள்ளை நூலை அந்தப் பிளாஸ்டிக் ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிக்குள்ளும் ஓட்டிவிடுகிறேன். எங்கே தப்பு நடந்தாலும் அந்த நூல்வரை தைரியமாக அவிழ்க்கலாம், அதற்குக் கீழே போகாது. கண்டுபிடிப்பு என்று பெருமையாகச் சொன்னால், உலகம் முழுக்க இதை ரொம்ப நாளாகச் செய்கிறார்களாம்.

தாளின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி) என்று ஒரு மப்ளர் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருண்டு குழாய் ஆகிவிடும். இது நம் தவறில்லை, பின்னலின் குணம். திருப்பூர் பனியன் துணியும் இதே பின்னல்தான், ஒரு துண்டை வெட்டிப் போட்டுப் பாருங்கள், ஓரம் சுருளும். இரண்டு ஓரத்திலும் நாலைந்து கண்ணியை எப்போதும் நிட்டாகவே விட்டால் சுருளல் குறையும். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தலாம் என்று நினைத்தால் அக்ரிலிக் சூட்டில் தொய்ந்து பளபளத்துப் போகும், பிறகு திரும்பாது.

கடைசியாக நூல். 100 கிராமில் மூன்றடிகூட வரவில்லை, பெட்டியின் மேலே உள்ள படத்தில் ஒரு பெண் மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறார். உருண்டையில் லேபிள் இல்லை, எந்த நூலெல்லாம் ஒரே தடவையில் சாயம் போட்டது என்று காட்டும் சாய லாட் நம்பர் இல்லை, அதனால் அதே நீலம் என்று கடைக்காரர் கொடுத்தது வேறு நீலமாக இருந்தது. அப்பா கட்டிப் பார்த்துவிட்டு, "பாதி நிழல்ல இருக்கிற மாதிரி இருக்கு" என்றார், ஆனால் தினமும் அதைத்தான் சுற்றுகிறார்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் ஊசிக்கு. நீங்கள் தனித்தனியாகவே வாங்குங்கள்: 5 மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடி, அதற்கேற்ற கொஞ்சம் தடித்த வெளிர் நிற நூல் ஒரே லாட்டில் 200 கிராம், ஒரு குரோஷா ஊசி. ஊக்கும் பூக்கட்டும் நூலும் வீட்டிலேயே இருக்கும்.