மட்டக்களப்பில் குடும்பத்துக்கு வீடு தேட உதவிய தரகர் சேவை

மட்டக்களப்பு நகரில் காணி, வீடு காட்டும் தரகர் சேவையொன்றை அண்மையில் நாடினோம். விலை பேசுவதற்கு முன்னரே ஒவ்வொரு பகுதியின் தன்மையையும் விளங்கவைத்தமைக்காக அதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

நகரின் மையப்பகுதியான புளியந்தீவில் பாடசாலைகள் அருகிலிருந்தாலும் எங்கள் கையிருப்புக்கு அங்கு இடம் அமையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் வீண் அலைச்சல் மிச்சமானது. வாவிக்கு அப்பால் கடலோரமாக உள்ள கல்லடியில்தான் அதிக நேரம் செலவிட்டோம். 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னர் நகருக்குப் போய்வருவது இலகுவாகிவிட்டது; எனினும், 2004 ஆழிப்பேரலையில் கடலோரம் பட்ட பாட்டை மறைக்காமல் சொல்லி, கரையிலிருந்து எவ்வளவு தள்ளி வாங்குவது நல்லது என்பதை ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து காட்டினார்கள். வாவியோரத்து வளவொன்றில் கிணற்றுத் தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்க்கச் சொன்னார்கள்; உவர்ப்பு நாக்கிலேயே நின்றது. அயல்வீட்டு மதிலில் முழங்காலளவில் படிந்திருந்த மாரி வெள்ளத்தின் கறையையும் அவர்களே சுட்டிக்காட்டினார்கள். விற்றால் போதும் என்று நினைப்பவர்கள் இதைச் செய்யமாட்டார்கள்.

காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திர விடயத்தில் மட்டும் குறை உண்டு. அரசு அனுமதிப்பத்திரத்தின் பேரில் கொடுத்த காணிக்கும் முழு உரிமை தரும் அறுதி உறுதியுள்ள காணிக்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் கேட்ட பிறகே விளக்கினார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகப் போவதால், பின்னாளில் பெயர்மாற்றத் தடையேதும் வருமா என்பதை முற்பணம் கொடுக்கும் முன்னரே உறுதி எழுதும் உங்கள் சொந்த நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தரகுப் பணம் பேசியபடியே பெறப்பட்டது.