சொந்த மெயில் சர்வரும் பக்கத்து ஐபியின் பாவமும்

கோயில் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் போட்டுக்கொள்ளலாமா, உங்களுடையது எப்படி ஓடுகிறது என்று மொரிஷியஸின் ரோஸ்ஹில் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாகச் சொல்ல வரவில்லை.

என்னுடையது ஐரோப்பாவில் வாடகைக்கு எடுத்த சின்ன விபிஎஸ், அதாவது ஒரு பெரிய கணினியில் ஒதுக்கித் தரும் மெய்நிகர் சர்வர். மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துக் கொடுக்கும் டவ்காட், அனுப்பியவர் உண்மையானவர்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. சில ஆண்டுகளாக ஓடுகிறது, மென்பொருளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. தலைவலி முழுக்க சர்வரின் இணைய முகவரியான ஐபி எண்ணில்தான்.

வீட்டு ஃபைபரிலேயே வைத்தால் என்ன என்று அடுத்துக் கேட்பார். வீட்டு இணைப்புகளுக்குக் கிடைக்கும் எண்கள் பெரும்பாலும், ஸ்பாம் தடைப்பட்டியல்கள் நடத்தும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் இருக்கும். அது குற்றவாளிப் பட்டியல் இல்லை. இந்த எண்ணிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்கிற அறிவிப்பு, அவ்வளவுதான். ஆப்பிரிக்கா முழுமைக்கும் ஐபி எண்களைப் பங்கிட்டுத் தருகிற ஆஃப்ரினிக் நம்ம எபேனில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்காக நமக்குச் சலுகை ஒன்றும் கிடையாது.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். தைப்பூசக் காவடிக்கு முன் கொடியேற்ற அறிவிப்பை ரீயூனியன் உறவுகளுக்கும் சேர்த்து அனுப்பினோம். அங்குள்ள சில அலுவலக முகவரிகளிலிருந்து கொத்தாகத் திரும்பி வந்தது. மெயிலை ஏற்கவில்லை என்று சொல்லும், 550 என்று தொடங்கும் வரி, அதன் வாலில் ஒரு தடைப்பட்டியலின் பெயர். போய்ப் பார்த்தால் என் எண்மீது ஒரு புகாரும் இல்லை. அதே ஹோஸ்டிங் நிறுவனத்தில் வேறு எவனோ ஸ்பாம் அனுப்பியிருக்கிறான். சில பட்டியல்கள் ஒரு எண்ணோடு நிற்பதில்லை. முதலில் அந்த எண், பிறகு அதைச் சுற்றியுள்ள எண்களின் பிளாக், அப்புறம் அந்த நிறுவனத்தின் மொத்த எண்களும். ஒரு வீட்டில் கரண்ட் திருடினார்கள் என்று தெருவுக்கே ஃபியூஸைப் பிடுங்குகிற நியாயம். போதாததற்கு, பணம் கட்டினால் உடனே எடுக்கிறோம் என்று ஒரு பொத்தான் வேறு. நான் கட்டவில்லை, நீங்களும் கட்டாதீர்கள். அந்த ஆள் அடுத்த வாரம் மறுபடி அனுப்பினால் பெயர் மறுபடி ஏறும்.

பலன் தந்தது வேறு வழி. மெயில் வாங்கும் எந்த டொமைனுக்கும் போஸ்ட்மாஸ்டர் முகவரி இருந்தாக வேண்டும் என்பது விதி. திருப்பி அனுப்பிய இடங்களுக்கு, அந்த முகவரிக்கே வேறு கணக்கிலிருந்து பிரெஞ்சில் நாலு வரி எழுதினேன். ரீயூனியன் தலைநகர் செந்தெனியிலிருந்து ஒருவர் மன்னிப்புக் கேட்டு என் எண்ணை அனுமதிப் பட்டியலில் சேர்த்தார். மற்றவர்களிடமிருந்து மூச்சுப்பேச்சு இல்லை.

நியாயமாகச் சொன்னால் எல்லாப் பட்டியலும் இப்படி இல்லை. ஸ்பாம் போல மெயில் அனுப்பும் எண்களுக்கென்று ஸ்பாம்ஹவுஸ் வைத்திருக்கும் சிஎஸ்எஸ் பட்டியலிலும் விழுந்தேன். சோதிப்பது சுலபம்: எண்ணின் பகுதிகளைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் போட்டு, அவர்களுடைய ஐபி பட்டியல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஜென் டொமைனை ஒட்டி, பெயருக்கு எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸில் கேட்க வேண்டும். 127.0.0.3 என்று பதில் வந்தால் சிஎஸ்எஸ். 127.255.255.254 வந்தால் பயப்படாதீர்கள், கூகுள் போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அது தடைப் பதில் இல்லை. எனக்கு வந்தது 127.0.0.3. காரணம் இங்கேயும் அண்டை வீடுதான். நீளமான புதுவகை ஐபி எண்களான ஐபிவி6-இல் அவர்கள் தனி முகவரியைப் பார்ப்பதில்லை, /64 என்கிற பெரிய தொகுதி முழுவதையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். என் நிறுவனமோ ஒரே /64-ஐப் பல வாடிக்கையாளர்களுக்குக் கூறுபோட்டுக் கொடுத்திருந்தது. ஆனால் காரணத்தைத் தெளிவாகக் காட்டினார்கள், படிவம் போட்டேன், ஒரு ரூபாய் கேட்கவில்லை, அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு போஸ்ட்ஃபிக்ஸைப் பழைய வகையான ஐபிவி4 வழியாக மட்டும் அனுப்பும்படி மாற்றினேன், அந்தத் தொல்லை தீர்ந்தது. இவ்வளவு மரியாதையாக ஒரு தடைப்பட்டியல் நடந்துகொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

சொந்த சர்வருக்கு மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. நேற்று கேட்டிருந்தால் நாலு சொல்லியிருப்பேன். இன்று காலையில் அந்தக் காசு கேட்கும் பட்டியலில் மறுபடி ஏற்றியிருக்கிறார்கள்.

சங்கத்துக்கு என்றால், வரும் மெயிலை மட்டும் சொந்த சர்வரில் வாங்குங்கள். போகும் மெயிலை, மற்றவர்களுக்காக அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவைக்குக் காசு கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது போஸ்ட்மாஸ்டர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க உங்களில் யாருக்கும் நேரம் இருக்காது. நான் என்னவோ இன்னொரு வருஷத்துக்கு வாடகை கட்டிவிட்டேன்.